கணினி உறுப்புகளைத் தெரிதல்: இயைபு பற்றிய ஒரு பாடம்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருக என மலர்க் குழுவினர் எம்மைப் பணித்தபோது, யாம் இலக்கணம் பற்றியே எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாம் எழுதப் புகுந்ததோ, நடுத்தரச் செலவில் விளையாட்டுக் கணினி ஒன்றுக்கு உறுப்புகளைத் தெரிந்தெடுத்தல் பற்றி. தமிழாசிரியருக்கு இஃது ஏன் என வினவுவார்க்கு விடை இதுவே.

எம் மகன் உயர்தர வகுப்பிற் பயில்பவன். கனடாவில் வாழும் அவன் தாய்மாமன் அனுப்பிய பணத்தோடு எமது சேமிப்பையுஞ் சேர்த்து, பொருத்தி முடிந்த கணினி ஒன்றை வாங்கினோம். அதன் வரைகலை அட்டை உயர்ந்தது, மின்வழங்கியோ பெயரறியாதது. நான்காம் மாதத்தில் ஒரு மாலை, தடைப்பட்ட மின்சாரம் மீண்ட கணத்திலே, கரிந்த நாற்றத்துடன் கணினி அணைந்தது. மின்வழங்கி தான் அழிந்ததோடமையாது தாய்ப்பலகையையும் உடன்கொண்டு சென்றது. மகன் எம்மை நோகவில்லை. "மாமாவுக்குச் சொல்லாதேங்கோ, அப்பா" என்று மட்டுமே கூறினான். அன்று தொட்டு யாமும் மாணாக்கரானோம். கற்றவற்றை ஈண்டுக் கூறுதும்.

முதலிலே தெரியற்பாலது திரை. 1920 × 1080 புள்ளிகளையுடைய திரையில் ஏறத்தாழ 20 இலட்சம் புள்ளிகள் உள; 2560 × 1440 திரையில் ஏறத்தாழ 37 இலட்சம். நொடிக்கு 60 படங்கள் வேண்டின், ஒரு படத்தை வரைய 16.7 மில்லிசெக்கன் கிடைக்கும். 144 படங்கள் வேண்டின், 7 மில்லிசெக்கனுங் கிடையாது. எத்துணைப் புள்ளிகளை எத்துணை விரைவில் வரைதல் வேண்டும் என்பது தெளிந்த பின்னரே வரைகலை அட்டையை நாடுதல் முறை. நடுத்தரச் செலவினர்க்கு முதற்கூறிய திரையே அமையும்.

இரண்டாவது, வரைகலை அட்டை. விளையாட்டின் பெருஞ்சுமை இதன் மேலது. ஆதலின் மொத்தத் தொகையில் மூன்றிலொரு கூறு வரை இதற்கு ஒதுக்கலாம். 2023இல் வெளிவந்த ஆர்.டி.எக்ஸ். 4060, ஆர்.எக்ஸ். 7600 என்பன இத்தரத்தன. இரண்டும் 8 ஜிபி நினைவகமுடையன. முன்னது 115 வாற்றும், பின்னது 165 வாற்றுங் கொள்வன.

மூன்றாவது, செயலியும் தாய்ப்பலகையும். இவ்விடத்தேதான் எம் இலக்கணம் உதவிற்று. 'அவன் வந்தாள்' என்பதில் இரு சொல்லும் நல்ல சொல்லே, இயையாமையால் வழுவாயிற்று. ஏ.எம். 4 பொருத்துவாய்க்குரிய செயலி ஏ.எம். 5 பலகையில் அமராது. ஏ.எம். 5 பலகை டி.டி.ஆர். 5 நினைவகத்தையே ஏற்கும், டி.டி.ஆர். 4 அதற்கு ஆகாது. ஆறு கருக்களையுடைய ரைசன் 5 7600 போன்ற செயலி இத்தரக் கணினிக்குப் போதும். நினைவகத்தை 16 ஜிபித் துண்டு ஒன்றாக வாங்காது, 8 ஜிபித் துண்டுகள் இரண்டாக வாங்குக. இருவழியாற் செல்லுந் தரவு விரைந்து செல்லும்.

நான்காவது, மின்வழங்கி. பலரும் பணத்தை மிச்சம் பிடிக்கும் இடம் இதுவே. யாம் இழந்ததும் இதனாலேயே. மேற்கூறிய உறுப்புகள் யாவுங் கூடி 300 வாற்றளவே கொள்ளுமாதலின் 550 வாற்று மின்வழங்கி அமையும். ஆயினும் உறையில் எழுதிய எண் மட்டுஞ் சான்றாகாது. '80 பிளஸ்' முத்திரையும் மின்சாரம் வீணாகாமையையே குறிக்கும், காப்பினைக் குறிக்காது. மிகை மின்னழுத்தம், குறுக்குச்சுற்று என்பவற்றுக்குக் காப்புடையதாய், நீண்ட உத்தரவாதமுடையதாய்த் தெரிக. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணி நேர மின்வெட்டைக் கண்டவர் நாம். மின்னழுத்தத்தைச் சீராக்கும் யு.பி.எஸ். ஒன்றை ஆடம்பரம் எனக் கொள்ளற்க.

விலைப் பட்டியல் தாரோம். இவ்வுறுப்புகள் கடல் கடந்து வருவன. 2022இன் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் நின்ற அமெரிக்க டொலர், மே மாதத்தில் 360 ரூபாவை அணுகிற்று. 2025இன் இறுதியில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் பெருமளவில் வாங்கியமையால், நினைவகத்தின் விலை உலகெங்கும் ஏறிற்று. நிலையாத விலையினும் நிலைத்த முறையே கற்கத்தக்கது. கொழும்பிலே பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவில் விலை குறைவாயின், பழுதுற்றபோது ஏறத்தாழ 400 கிலோமீற்றர் கொண்டுசெல்லுஞ் செலவையுங் கூட்டிப் பார்க்க. கடலோர வீட்டினர் உப்புக் காற்றையும் புழுதியையும் மறவாது, தூசுவலையுங் காற்றோட்டமும் உள்ள பெட்டியைக் கொள்க.

எரியாது எஞ்சிய செயலியையும் அட்டையையுங் கொண்டு, புதிய பலகையும் மின்வழங்கியும் வாங்கி, எம் மகனும் யாமும் ஒரு ஞாயிறன்று மேசைமேல் வைத்துப் பொருத்தினோம். முதலிற் படம் விரைந்து ஓடவில்லை. திரையின் வடத்தை அட்டையிற் செருகாது தாய்ப்பலகையிற் செருகியிருந்தோம், தவறு எம்முடையதே. மாற்றிச் செருகியதும் ஓடிற்று. அன்றிரவு மாமாவைத் தொலைபேசியில் அழைத்து, நிகழ்ந்ததனைத்தையும் மகன் தானே கூறினான்.

மாணாக்கரே, பெற்றோரும் உறவினரும் ஈட்டிய பொருளைக் கொண்டு ஒன்றை வாங்குமுன், அதன் உறுப்புகள் தம்முள் இயையுமாவென வினவுக. கண்ணுக்குப் புலப்படும் உறுப்பைப் புகழ்ந்து, புலப்படா உறுப்பை இகழற்க.