சான்றிதழும் சந்திப்பும்

கேள்வி: பொறியியல் இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவர் தொழில்முறைச் சங்கக் கூட்டங்களுக்கும் ஹேக்கத்தான்களுக்கும் செல்வதால் உண்மையில் பயன் உண்டா?

பதில்: உண்டு, ஆயினும் அப்பயன் சான்றிதழில் இல்லை. தொழில்முறைச் சங்கம் என்பது ஒரு துறையின் பொறியாளர்கள் அறிவைப் பகிரவும் தரநிலைகளை, அதாவது கருவிகள் ஒன்றோடொன்று இணங்கி இயங்குவதற்கான பொது விதிகளை, வகுக்கவும் கூடி அமைத்த அமைப்பாகும். அமெரிக்காவில் 1884இலும் 1912இலும் தொடங்கிய இரு சங்கங்கள் 1963இல் இணைந்து உருவான ஐ.இ.இ.இ., வைஃபைக்கு அடிப்படையான 802.11 தரநிலையை வகுத்தது. அதன் மாணவர் கிளைக் கூட்டங்களில், பாடநூலில் முடிந்த முடிவாகத் தோன்றும் விதி எத்தகைய விவாதத்தால் உருப்பெறுகிறது என்பதைத் துறையினரிடமே மாணவர் கேட்டறியலாம்.

இதனினும் ஆழமான பயிற்சி, மத்திய அரசு 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் கிடைக்கிறது. அமைச்சகங்களும் நிறுவனங்களும் முன்வைக்கும் நடைமுறைச் சிக்கல்களுக்கு அறுவர் அணிகள் தீர்வு காணும் இப்போட்டியில், மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம் நீள்கிறது. வழிகாட்டி ஒருவர் மேசையருகே வந்து, "கிராமத்தில் இணைப்பு அறுந்தால் இச்செயலி என்ன செய்யும்?" என்று வினவும்போது, அதுவரை எழுதிய நிரலில் பாதியை அழித்துத் திருத்த நேரலாம்; வகுப்பறைத் தேர்வு அளிக்க இயலாத கல்வி அது.

'ஓ.டி.' எனப்படும் வருகைப்பதிவுச் சலுகைக்காக மட்டும் செல்வோருக்கு இவை எதுவும் கிட்டுவதில்லை. ஆகவே மாணவர் பேச்சாளரின் துறையை முன்கூட்டியே படித்து, ஒரு நல்ல கேள்வியுடன் செல்ல வேண்டும். முதல் சந்திப்பிலேயே வேலை கேட்கலாகாது.