மூன்று கொம்பு வண்டு: அட்லஸா, கைரானா?

கேமரன் மலைக்குப் போனவர்கள் பார்த்திருப்பீர்கள். கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் பெரிய கறுப்பு வண்டுகளை ஊசி குத்தி வைத்திருப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று கொம்பு. முகாமில் நான் படத்தைக் காட்டினால், "எல்லாம் ஒரே வண்டுதானே அண்ணா?" என்று தம்பி தங்கைகள் கேட்பார்கள். இல்லை. தீபகற்ப மலேசியாவில் இதில் இரண்டு இனங்கள் உண்டு: அட்லஸ், கைரான். இரண்டுமே கிரேக்கக் கதைகளில் வரும் பெயர்கள். அட்லஸ் வானத்தைச் சுமப்பவன். கைரான் வீரர்களுக்குப் பாடம் சொன்ன குரு. பழைய புத்தகங்களில் கைரானைக் 'காக்கசஸ்' என்று எழுதியிருப்பார்கள்.

எப்படிப் பிரித்துச் சொல்வது? அளவை மட்டும் நம்பாதீங்க. கைரான் 13 சென்டிமீட்டர் வரை வளரும். அட்லஸ் பொதுவாக அதைவிடச் சிறியது. ஆனா சின்னக் கைரானும் இருக்கு, பெரிய அட்லஸும் இருக்கு. அதனால் தலையிலிருந்து மேலே வளைந்து வரும் கொம்பைப் பாருங்க. நன்றாக வளர்ந்த ஆண் வண்டில், அந்தக் கொம்பின் நடுவே சிறு பல் போல நீட்டிக்கொண்டிருந்தால் அது கைரான். பல் இல்லையா? அட்லஸ். பெண் வண்டுகளுக்குக் கொம்பே கிடையாது.

ஒரே இனத்தில் ஏன் இத்தனை அளவு? வண்டான பிறகு அது வளராது. மட்கிய மரத்துக்குள் புழுவாக இருக்கும்போது நல்லா சாப்பிட்ட ஆணுக்குத்தான் உடலும் பெரிது, கொம்பும் நீளம். சரியாகச் சாப்பாடு கிடைக்காத ஆணுக்குக் கொம்பு குட்டையாகவே நிற்கும். ஆண்கள் சண்டை போடுவதும் இந்தக் கொம்பால்தான்.

இன்னொரு விஷயம். இரண்டு இனமும் தனித்தனி இடங்களில் வாழும்போது அளவு கிட்டத்தட்ட ஒன்றாக இருக்கும். ஒரே காட்டில் சேர்ந்து வாழும் இடத்தில் கைரான் பெரிதாகவும், அட்லஸ் சிறிதாகவும் விலகிப் போகின்றன. ஜப்பானிய ஆய்வாளர் கவானோ 2002-இல் இதை அளந்து எழுதினார். பக்கத்தில் யார் வாழ்கிறார்கள் என்பது, தலைமுறை தலைமுறையாக உடலையே மாற்றுகிறது பாருங்க!

பெட்டியில் விலை போவது பெரிய கொம்புதான். அந்தக் கொம்பு காட்டில் விழுந்து மட்கிய ஒரு மரத்தில் உருவானது. மரத்தை அகற்றிவிட்டால் புழுவுக்கு உணவு ஏது? ஆகவே பெட்டி வண்டை வாங்காதீங்க. இரவில் விளக்கடியில் உயிரோடு ஒன்று வந்து விழுந்தால், கொம்பில் பல் இருக்கான்னு பாருங்க, ஒரு படம் எடுங்க, பக்கத்து மரத்தில் விட்டுடுங்க.