துருவங்கள் இரண்டு, குளிர் வேறு

பாலக்காடும் இடுக்கி மலைமேலுள்ள மூணாறும் அட்சரேகையில் ஒரு பாகைகூட வேறுபடாதவை. எனினும் பாலக்காடு புழுங்கும் சித்திரையிலும், சுமார் 1,500 மீட்டர் உயரத்திலுள்ள மூணாற்றில் இரவில் கம்பளி வேண்டியிருக்கிறது. சூரியன் மட்டுமே சீதோஷ்ணத்தை நிர்ணயிப்பதில்லை.

துருவங்களுக்கும் இதே நியாயந்தான். வட துருவத்தில் இருப்பது கடல். மிதக்கும் பனிக்கட்டியின் கீழுள்ள நீரிலிருந்து உஷ்ணம் சிறிது சிறிதாக மேலே கசிகிறது. தென் துருவமோ நிலம். அங்குப் பனி குவிந்து, கடல் மட்டத்திற்கு மேல் சுமார் 2,800 மீட்டர் உயர்ந்து நிற்கிறது. அதன் ஆண்டுச் சராசரி உஷ்ணநிலை ஏறக்குறைய −49 டிகிரி செல்சியஸ்.

நம் நாட்டு ஆய்வு நிலையங்களையே ஒப்பிடலாம். 2008-இல் திறக்கப்பட்ட ஹிமாத்ரி 79 பாகை வடக்கிலும், மைத்ரி சுமார் 71 பாகை தெற்கிலும் உள்ளன. துருவத்தை அதிகம் நெருங்கியிருப்பது ஹிமாத்ரி. ஆயினும் குளிர் குறைந்ததும் அதுவே! அட்லாண்டிக்கின் வெப்ப நீரோட்டம் அக்கரையோரமாகச் செல்கிறது. மைத்ரிக்கு அப்பேறு இல்லை. பனிமேட்டிலிருந்து சரிந்திறங்கும் குளிர்காற்றே அதற்கு வாய்த்தது.