நடையும் பிடியும்

அகவை எழுபதைத் தொட்ட இருவரில் ஒருவர் கைத்தடியின்றி மாடிப்படி ஏறுகிறார். மற்றவர் நாற்காலியிலிருந்து எழுவதற்கே துணை தேடுகிறார். பிறந்த ஆண்டு ஒன்றே எனினும் உடல்களின் முதுமை வேறு. அம்முதுமையை அளக்க இரத்தப் பரிசோதனைகள் பல உண்டு. ஆயினும் ஊசியே தேவைப்படாத இரண்டு அளவுகள் மருத்துவர்க்குப் பெரிதும் பயன்படுகின்றன.

முதலாவது நடைவேகம். முதியவரைச் சில மீட்டர் தொலைவு இயல்பாக நடக்கச் செய்து, ஆகும் நொடிகளைக் கணக்கிடுவர். 65 அகவையும் அதற்கு மேலும் ஆன 34,485 பேரின் தரவுகளைத் தொகுத்த ஆய்வொன்று 2011-இல் அமெரிக்காவில் வெளிவந்தது. நொடிக்கு 1 மீட்டரோ அதற்கு மேலோ நடந்தோர், தம் வயதினர்க்கு எதிர்பார்க்கப்படும் காலத்தைவிட நெடிது வாழ்ந்தனர். நடப்பது கால்களின் வேலை என்றே எண்ணுகிறோம். ஆனால் இதயம், நுரையீரல், நரம்பு, கண், மூட்டு ஆகிய அனைத்தும் ஒத்துழைத்தால்தான் ஓர் அடி எடுத்து வைக்க முடியும். ஒன்று தளர்ந்தாலும் நடை அதனைக் காட்டிவிடும்.

இரண்டாவது கைப்பிடியின் வலு. கருவி ஒன்றை இறுகப் பிடிக்கச் செய்து இதனை அளப்பர். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்த முடிவுகள் 2015-இல் வெளியாயின. பிடிவலு 5 கிலோகிராம் குறையுந்தோறும் இறப்பு இடர் 16 விழுக்காடு கூடுவதாக அவை காட்டின. இதற்காக ரப்பர் பந்தை ஓயாது பிசைந்தால் ஆயுள் நீளும் என்று கருதிவிடலாகாது! கைப்பிடி, உடல் முழுவதன் தசைநிலையைக் காட்டும் ஓர் அடையாளமே. மேலும், இடர் என்பது பலரைச் சேர்த்துக் கணக்கிட்டது; தனி ஒருவரின் முடிவை அது உரைக்காது.

தளர்ந்த தசை மீளுமா? 1990-இல் வெளியான பாஸ்டன் நகர ஆய்வில், 86 முதல் 96 அகவை வரையிலான 10 முதியோர் எடை தூக்கும் காற்பயிற்சியைத் தொடங்கினர். எட்டு வாரப் பயிற்சியை நிறைவு செய்த 9 பேரின் கால்வலு சராசரியாக இரு மடங்கைத் தாண்டியது.

நடை சிறுகச் சிறுகத் தளர்வதால் உடனிருப்போர் அதனை உணர்வது அரிது. ஆண்டுக்கொருமுறை விடுமுறையில் ஊருக்குச் செல்லும் பேரப்பிள்ளைகளின் கண்ணுக்கே அது முதலில் புலப்படும். "வயதாகிவிட்டது" என்று பெரியோர் ஒதுக்கும் அம்மாற்றம், மருத்துவரிடம் கூறத்தக்க செய்தியாகும்.

சொற்பொருள்
அகவை – வயது. இடர் – ஆபத்து. விழுக்காடு – சதவீதம். நெடிது – நீண்ட காலம்

பயிற்சி
1. ஒரு பாட்டி 4 மீட்டர் தொலைவை 5 நொடியில் நடக்கிறார். அவருடைய நடைவேகம் யாது?
2. நடை, உடலின் பல உறுப்புகளது நிலையைக் காட்டுவது எவ்வாறு?
3. உம் தாத்தா அல்லது பாட்டி நாள்தோறும் எவ்வளவு தொலைவு நடக்கிறார்? சென்ற ஆண்டு எவ்வளவு நடந்தார்? தொலைபேசியில் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.