ஒடியாமல் துளையிடுவது எப்படி?

மின்சுற்றுப் பலகையை வீட்டிலேயே தயாரித்துவிட்டீர்களா? இனித் துளையிட வேண்டும். ஐ.சி.யின் கால்களுக்கிடையே 2.54 மி.மீ. தூரமே உண்டு. பெரிய துளை போட்டால் சுற்றியுள்ள தாமிர வளையமே போய்விடும். எனவே 0.8 மி.மீ. டிரில் பிட் வாங்குங்கள். தடித்த கால் கொண்ட டயோடுகளுக்கு மட்டும் 1 மி.மீ.

பிட்டுகளில் இரு வகை உண்டு. டங்ஸ்டன் கார்பைடை, பலகையிலுள்ள கண்ணாடி இழை எளிதில் மழுக்காது. ஆனால் அது வளைந்து கொடுக்காது; கை சற்றே சாய்ந்தாலும் பட்டென்று ஒடியும். ஸ்டாண்டில் பொருத்திய டிரில்லுக்கே அது ஏற்றது. கையில் பிடித்துத் துளையிடுவோருக்கு ஹைஸ்பீடு ஸ்டீல்தான் நல்லது. விரைவில் மழுங்கும், உண்மைதான். ஆனால் விலை குறைவாயிற்றே! துளையோரத்தில் தாமிரம் பிசிறாக எழும்பினால் பிட்டை மாற்றிவிடுங்கள்.

0.8-ஐயும் 1-ஐயும் கண்ணால் பிரித்தறிவது கடினம். அளவு எழுதிய தனித்தனி டப்பிகளில் வையுங்கள்.

ஒடிந்த துண்டு கண்ணில் தெறிக்கக்கூடும். பாதுகாப்புக் கண்ணாடி இல்லாமல் தொடங்கவே வேண்டாம். தூளை வாயால் ஊதாமல் ஈரத்துணியால் துடையுங்கள்.