கடவுச்சொல்லால் பூட்டப்பட்ட வன்தட்டு

மாணவர்களே, "கணினிக்குப் பாஸ்வேட் போட்டிருக்கிறது" என்று பேச்சுவழக்கில் சொல்லும்போது நாம் நான்கு வேறுபட்ட பூட்டுகளை ஒரே பெயரால் அழைக்கிறோம். எந்தப் பூட்டு என்று அறியாமல் திறக்க முனைபவர் பெரும்பாலும் தரவை இழக்கின்றார். வினாத்தாளில் இவ்வேறுபாட்டைக் குழப்பி எழுதுபவர் புள்ளியை இழக்கின்றார். ஆகவே இப்பகுதியை நிதானமாக வாசியுங்கள்.

முதலாவது, பணிசெயல் முறைமையின் கடவுச்சொல். விண்டோஸ் தொடங்கும்போது கேட்பது இதுவே. இதை மட்டும் நம்பியிருப்பது, படலையைப் பூட்டிவிட்டு வேலியில் பொட்டு விட்டதற்கு ஒப்பாகும். வன்தட்டைக் கழற்றி வேறொரு கணினியில் இணைத்தால், அது மறைகுறியாக்கம் செய்யப்படாதவிடத்து, கோப்புகள் யாவற்றையும் வாசிக்கலாம்.

இரண்டாவது, பயோஸ் கடவுச்சொல். மேசைக் கணினிகள் பலவற்றில் தாய்ப்பலகையிலுள்ள காசு வடிவப் பற்றரியைச் சிறிது நேரம் கழற்றி வைத்தால் இது அழிந்துவிடும். மடிக்கணினிகள் பலவற்றில் அவ்வாறு அழியாது.

மூன்றாவதே மாணவர்கள் அதிகம் தடுமாறும் இடம். ஏ.ரி.ஏ. நியமத்தின்படி வன்தட்டு தனக்கெனத் தனியான கடவுச்சொல்லைக் கொண்டிருக்கலாம். இது தாய்ப்பலகையில் அன்றி வன்தட்டினுள்ளேயே பதியப்படுகிறது. எனவே பற்றரியைக் கழற்றுவதாலோ வன்தட்டை வேறு கணினிக்கு மாற்றுவதாலோ பயனில்லை. போகுமிடமெல்லாம் பூட்டும் கூடவே போகும். பல வன்தட்டுகளில் கடவுச்சொல் காந்தத் தட்டிலேயே எழுதப்பட்டிருப்பதால், அடியிலுள்ள மின்சுற்றுப் பலகையை மாற்றினாலும் திறக்காது. 2001 இல் வெளிவந்த மைக்ரோசொஃப்ட் நிறுவனத்தின் எக்ஸ்பொக்ஸ் விளையாட்டுக் கருவியில் இம்முறையே பயன்பட்டது. ஒரு கருவியின் வன்தட்டு அக்கருவிக்கு மட்டுமே திறந்தது.

இந்நியமத்தில் பயனர் கடவுச்சொல், முதன்மைக் கடவுச்சொல் என இரண்டு உண்டு. ஒவ்வொன்றும் 32 பைற்று வரை நீளலாம். பாதுகாப்பு மட்டம் "உயர்" எனின் முதன்மைக் கடவுச்சொல்லாலும் திறக்கலாம். "அதிஉயர்" எனின் அதனால் வன்தட்டை முற்றாக அழிக்க மட்டுமே முடியும்; அழித்தபின் வன்தட்டு மீண்டும் பயன்படும், தரவு திரும்பாது. ஐந்து முறை பிழையாக இட்டால், மின்னை நிறுத்தி மீளத் தொடங்கும்வரை வன்தட்டு வேறு முயற்சியை ஏற்காது. சாதாரண வன்தட்டுகளில் இப்பூட்டு தரவை உருமாற்றுவதில்லை. வாசிக்கும் கட்டளைகளை மறுப்பது மட்டுமே. ஆகவே தரவு மீட்பு ஆய்வுகூடங்கள் சிலவற்றைத் திறந்துவிடுகின்றன.

நான்காவதான மறைகுறியாக்கம் அப்படியன்று. இங்கு தரவே உருமாற்றி எழுதப்படுகிறது. திறவி இன்றி வன்தட்டைக் கையில் வைத்திருப்பதால் ஒன்றும் ஆகாது. 2008 இல் பிரேசில் பொலிசார் டானியல் டான்டாஸ் என்ற வங்கியாளரிடம் கைப்பற்றிய வன்தட்டுகளை அந்நாட்டு நிபுணர்கள் ஐந்து மாதம் முயன்றும் திறக்க முடியவில்லை. அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. ஏறத்தாழ ஓராண்டு முயன்று, 2010 இல் திறக்காமலே திருப்பி அனுப்பியது.

ஏன் இவ்வளவு கடினம்? கணக்கிட்டுப் பாருங்கள். ஆறு சிறிய ஆங்கில எழுத்துகளாலான கடவுச்சொற்கள் 308,915,776 உள்ளன. செக்கனுக்குப் பத்து இலட்சம் சொற்களைச் சோதிக்கும் கணினி, ஐந்தே கால் நிமிடத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடும். எட்டு எழுத்து எனின் ஏறத்தாழ 58 மணித்தியாலம். பெரிய எழுத்தும் இலக்கமும் கலந்த எட்டு எனின் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள். நீளமும் கலப்பும் ஏன் தேவை என்ற வினாவுக்கு இந்த எண்களை எழுதுங்கள்; "பாதுகாப்பானது" என்று மட்டும் எழுதுவது விடையாகாது.

விண்டோஸின் பிற்லொக்கர் 2007 இல் விஸ்ராவுடன் வந்தது. அதற்கு 48 இலக்க மீட்புத் திறவி உண்டு. அண்மைக்கால விண்டோஸ் 11 மடிக்கணினிகள் பலவற்றில், மைக்ரோசொஃப்ட் கணக்குடன் உட்புகும்போது மறைகுறியாக்கம் தானாகவே தொடங்கிவிடும். உரியவருக்கே அது தெரியாது. பின்னர் தாய்ப்பலகையை மாற்றினால் கணினி அந்த 48 இலக்கங்களைக் கேட்கும். பதற வேண்டாம். வேறொரு கருவியில் அதே கணக்கினுள் சென்றால் திறவி பெரும்பாலும் அங்கே சேமிக்கப்பட்டிருக்கும்.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய மடிக்கணினிகள் நம்மூர் வீடுகளில் நிறைய. அவற்றை அனுப்புமுன் பூட்டை நீக்கித் தரும்படி கேளுங்கள்; கடவுச்சொல் அறிந்தவருக்கு அது சில நிமிட வேலை. உங்களது சொந்தக் கடவுச்சொல் ஏற்கப்படாவிடின் முதலில் கப்ஸ் லொக் சாவியையும், விசைப்பலகை தமிழுக்கு மாறியுள்ளதா என்பதையும் பாருங்கள். எளிய காரியம்தான், ஆனால் இதைப் பாராமல் கணினியைக் கடைக்குக் கொண்டு போகிறவர்கள் பலர்.

பிறருடையதைத் திறக்க முயல்வது வேறு விடயம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் 3 ஆம் பிரிவின்படி, அதிகாரம் இல்லை எனத் தெரிந்தும் கணினியையோ அதிலுள்ள தகவலையோ அணுக முனைவது குற்றமாகும். ஒரு இலட்சம் ரூபா வரை தண்டமோ ஐந்தாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கப்படலாம். நண்பனின் கணினியில் "பகிடிக்கு" செய்தேன் என்பது சட்டத்தில் விலக்கு அன்று.

காப்புப் பிரதி பற்றி ஒரு சொல். 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் பிரதி இல்லாத சுவடிகள் அப்படியே போயின. திறவி தொலைந்த வன்தட்டில் தரவு அழியவில்லை. ஆயினும் உங்களைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. செயற்றிட்டக் கோப்பை வேறொரு இடத்திலும் வையுங்கள். மீட்புத் திறவியைக் கொப்பியில் எழுதி வீட்டில் வையுங்கள், அதே கணினியில் அல்ல.

மாதிரி வினா: குமரன் தனது விண்டோஸ் கடவுச்சொல்லை மறந்துவிட்டான். வன்தட்டைக் கழற்றி வேறு கணினியில் இணைத்தபோது அது 48 இலக்கங்களைக் கேட்டது. (அ) இங்குள்ள பாதுகாப்பு யாது? (ஆ) தரவைப் பெற அவன் செய்யக்கூடியது யாது? (இ) தாய்ப்பலகைப் பற்றரியைக் கழற்றினால் பயன் உண்டா?

விடை: (அ) மறைகுறியாக்கம். (ஆ) தனது மைக்ரோசொஃப்ட் கணக்கில் அல்லது எழுதி வைத்த இடத்தில் மீட்புத் திறவியைத் தேடி எடுத்து இடுதல். கிடைக்காவிடின் காப்புப் பிரதியிலிருந்து தரவை மீளப் பெறுதல். (இ) இல்லை. பற்றரி பயோஸ் அமைப்புகளையே பேணுகிறது. வன்தட்டில் உருமாற்றி எழுதப்பட்ட தரவு அதனால் மாறாது.