விமானத் துறை நிர்வாகம்: ஒரு பட்டப்படிப்பு அறிமுகம்

எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்ததும், அடுத்து என்ன படிப்பது என்ற கேள்வி கோல சிலாங்கூர், ஈஜோக், பெஸ்தாரி ஜெயா வட்டாரத் தோட்ட இல்லங்களில் எழுவது இயல்பே. அவ்வேளையில் காதில் விழும் பெயர்களுள் ஒன்று 'விமானத் துறை நிர்வாகம்' என்பதாகும். இதனை விமானியாவதற்குரிய படிப்பு எனச் சிலர் எண்ணிவிடுகின்றனர். அவ்வாறு எண்ணிச் சேமிப்பைச் செலவிட்டபின் வருந்துவதைவிட, முன்னரே தெளிவு பெறுதல் நன்று.

விமானம் ஓட்டுவதற்குத் தனிப் பயிற்சியும் உரிமமும் தேவை. விமானத்தைப் பழுது பார்ப்பதற்கும் அவ்வாறே. நிர்வாகப் பட்டம் இவ்விரண்டையும் அளிப்பதன்று. விமான நிறுவனத்தையும் விமான நிலையத்தையும் ஒழுங்குபட நடத்தும் கலையையே அது கற்பிக்கிறது.

தோட்டத்தில் உள்ள பாடம்

இக்கலை நமக்கு முற்றிலும் புதியதன்று. இந்நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் 1917ஆம் ஆண்டில் உருவானது, நம் கோல சிலாங்கூர் வட்டாரத்துத் தென்னமரம் தோட்டத்தில்தான். செம்பனைக் குலையை வெட்டியபின் காலம் தாழ்த்தாமல் ஆலையில் சேர்க்க வேண்டும்; தாழ்த்தினால் எண்ணெயின் தரம் குன்றும். வெட்டுபவர், பொறுக்குபவர், லோரி ஓட்டுநர், ஆலைத் தொழிலாளர் ஆகிய அனைவரின் நேரமும் ஒன்றோடொன்று பொருந்தியாக வேண்டும்.

விமான நிலையத்திலும் இதுவே நடைபெறுகிறது. தரையிறங்கிய விமானத்திலிருந்து பயணிகள் இறங்க வேண்டும். பெட்டிகள் இறக்கப்பட வேண்டும். துப்புரவு, எரிபொருள், உணவு, எடைக் கணக்கு யாவும் முடிந்து அடுத்த பயணிகள் ஏற வேண்டும். மலிவுக் கட்டண நிறுவனங்கள் இவற்றை ஏறத்தாழ 25 நிமிடங்களில் முடிக்க முயல்கின்றன. ஒரு குழு பிந்தினால் அவ்விமானத்தின் அன்றைய பயணங்கள் அனைத்தும் பிந்தக்கூடும்.

மற்றொரு பாடம் விலை பற்றியது. ரப்பர் ஷீட்டை நல்ல விலை வரும்வரை கிடங்கில் வைத்திருக்கலாம். விமான இருக்கையை அவ்வாறு வைத்திருக்க இயலாது. 180 இருக்கைகளில் 150 மட்டுமே விற்கப்பட்டால், கதவு மூடியதும் எஞ்சிய 30 இருக்கைகளும் வீணே. ஆகவேதான் ஒரே பயணத்திற்கு நாளுக்கொரு கட்டணம் விதிக்கப்படுகிறது. 2001ஆம் ஆண்டில் இரண்டே விமானங்களுடனும் பெருங்கடனுடனும் கைமாறிய ஏர் ஏசியா, பின்னர் பெரிய நிறுவனமாக வளர்ந்ததற்கு இத்தகைய நிர்வாக முறைகளும் காரணமாகும்.

கற்பவை யாவை?

விமானப் பொருளாதாரம், கணக்கியல், சரக்குப் போக்குவரத்து, பாதுகாப்பு, விமானச் சட்டம் ஆகியன முக்கிய பாடங்கள். 1944ஆம் ஆண்டு சிகாகோ உடன்படிக்கையும், அதன்வழித் தோன்றிய அனைத்துலகப் பொது விமானப் போக்குவரத்து அமைப்பும் சட்டப் பாடத்தின் அடிப்படை. கணிதமும் ஆங்கிலமும் இன்றியமையாதவை. எஸ்.டி.பி.எம்., மெட்ரிகுலேஷன், அடித்தளப் படிப்பு, டிப்ளோமா ஆகியவை பட்டப்படிப்பிற்குச் செல்லும் வழிகளாகும்.

வாய்ப்பும் எச்சரிக்கையும்

செம்பனை நின்ற சிப்பாங் நிலப்பரப்பில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையம் 1998ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் திறக்கப்பட்டது. 2019இல் அது 6 கோடிக்கும் அதிகமான பயணிகளைக் கையாண்டது. அடுத்த ஆண்டே பெருந்தொற்றினால் அத்தொகை ஏறக்குறைய 1.3 கோடியாகச் சரிந்தது. துறையில் பலர் வேலை இழந்தனர். எனவே இத்துறையில் ஏற்றமும் உண்டு, இறக்கமும் உண்டு என்பதை நாம் மறைத்தல் முறையாகாது. ஆயினும் கணக்கியல், சரக்கு நிர்வாகம் போன்றவற்றில் பெறும் தேர்ச்சி, துறைமுகத்திலும் கிடங்கிலும் தொழிற்சாலையிலும் கைகொடுக்கும்.

கையொப்பமிடுமுன்

பெற்றோர்களே! சேமநிதிப் பணத்தையோ பி.டி.பி.டி.என். கடனையோ நம்பிப் பிள்ளையைச் சேர்க்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். அந்தப் பாடப்பிரிவு மலேசியத் தகுதிகள் பதிவேட்டில் உள்ளதா? தொழிற்பயிற்சி எந்நிறுவனத்தில், எத்தனை மாதம்? தங்குமிடம் உட்பட முழுச் செலவு எவ்வளவு? கல்லூரியின் பெயர் மட்டுமன்றி, பாடப்பிரிவின் பெயரும் பதிவேட்டில் இருத்தல் வேண்டும். மூன்றிற்கும் விடையை எழுத்தில் பெறுங்கள்.

மாணவர்களே! விமானத்தை வானத்தில் மட்டும் பார்த்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்காதீர். அது தரையில் நிற்கும் அந்தச் சில நிமிடங்களில் நடப்பதை அறிய ஆவல் கொண்டவருக்கே இப்படிப்பு பொருந்தும். குலை ஆலைக்குச் சேரும் நேரத்தை எண்ணி உழைத்த குடும்பத்தில் பிறந்த பிள்ளைக்கு, நேரத்தின் அருமையை எவரும் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை.